மேசைமேல் நின்று சொன்ன சொல்

நெய்வேலியில் பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழிக் காலையில் சுரங்கத்து வாய்க்காலோரம் நின்றால் தண்ணீரின் மேல் ஆவி எழுந்து தவழும். யாரோ மண்ணுக்கடியில் அடுப்பை அணைக்க மறந்துவிட்டுப் போனதுபோல. நிலக்கரிக்குக் கீழே அந்தத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, மேல்மண்ணை வெட்ட வெட்ட எழும்பப் பார்க்கிறது, ராத்திரி பகல் பாராமல் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏரி. இதெல்லாம் எங்கள் பிளாக்கில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்குள் பம்பு ஓர் அறையில் இருந்தது, சொற்கள் இன்னோர் அறையில் இருந்தன. நடுவில் ஒரு கதவு உண்டு என்பது நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

சொற்கள் எங்கள் வீட்டுக்குச் சித்தப்பாவுடன் வந்தன. அப்பாவின் கடைசித் தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர், வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி எங்கள் க்வார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் பாயை விரித்தார். வேலை கிடைக்கும்வரை தொழிற்சங்கச் செயலாளருக்குப் பேச்சு எழுதிக்கொடுத்தார். சங்கம் ஜெயித்தால் உனக்கும் ஒரு வழி பண்ணலாம் என்று செயலாளர் எப்போதோ தோளைத் தட்டியிருக்கிறார். வழி என்றால் பர்மனென்ட் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

அவர் வாயில் எதுவும் அதனதன் அளவில் இருக்காது. அம்மா காபியில் சர்க்கரையைக் குறைத்தால் அடக்குமுறை. பால் பூத்தில் ஒருவர் வரிசையைத் தாண்டினால் அராஜகம். நான் இன்னொரு தோசைக்குக் கை நீட்டினால் ஏகாதிபத்தியம். பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் கீரைப் பாத்தியில் இறங்கினால் அந்நிய ஊடுருவல். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு பழகிப்போனாள். "அந்த ஏகாதிபத்தியத்தை அப்படி ஓரமா வச்சுட்டு ரேஷன் கடைக்குப் போயிட்டு வாங்க தம்பி, பாமாயில் தீந்துரும்" என்பாள். உங்கள் தம்பிக்குத் தெரியாத ஒரே வார்த்தை பர்மனென்ட்தான் என்று ஒருநாள் அப்பாவிடம் அவள் சொன்னது பின் வராந்தாவுக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்குச் சித்தப்பா எந்தச் சொல்லையும் எடுக்கவில்லை.

எனக்கு அந்தச் சொற்கள் பிடித்திருந்தன. பெரிய பெரிய கமர்கட்டுகளைப்போல அவற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். சுரண்டல். பிற்போக்கு. ஆதிக்க சக்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டார்கள். இனிப்பு கரையும்வரை இனிப்பு.

கோழி எந்த வீட்டுக் கோழி என்றால், பம்பு மாமா வீட்டுக் கோழி. எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சுரங்கத்தில் பம்பு ஓட்டுகிறவர் என்பதால் பிளாக் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பம்பு மாமா. மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் குடில் வைப்பது எங்களுக்கெல்லாம் திருவிழா. மற்ற ஊர்களில் காகிதத்தைக் கசக்கிக் குகை செய்வார்களாம். பம்பு மாமா நிலக்கரிக் கட்டிகளை அடுக்கிக் குகை செய்வார். எங்கள் ஊர் நிலக்கரியில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும், சிலதில் இலையின் நரம்புகூட. எந்தக் காலத்துக் காடோ, எத்தனை மழை பார்த்ததோ, கடைசியில் ஒரு பச்சைக்குழந்தைக்குக் கூரையாக வந்து நிற்கும். கட்டிகளை நான் எடுத்துக்கொடுப்பேன், அவர் அடுக்குவார். கை கறுத்துப்போன இரண்டு பேரையும் பார்த்து அவர் மனைவி, எங்கள் அத்தை, தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஸ்ட்ரைக் வந்தது. டவுன்ஷிப்பின் மேல் எப்போதும் இருக்கிற இயந்திர உறுமல் இல்லாமல்போய், மரங்களுக்குத் திடீரென்று குரல் வந்தது போலிருந்தது. கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்த அப்பா பகலில் வீட்டில் இருந்தார். அதுவே எனக்குப் பண்டிகை. சாயங்காலமானால் சுரங்கத்து வாசலில் கூட்டம். இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு மேடை, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, பந்தலுக்குக் கீழே நிலக்கரித் தூசி படிந்த வேட்டிகளும் காக்கிச் சட்டைகளும். பெரியவர்கள் பேசிப் பேசிக் கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தபோது, ஒரு குழந்தையைப் பேசவைத்தால் எடுபடும் என்று சித்தப்பாவுக்குத் தோன்றியது. குழந்தை என்றால் நான்தான். சத்தமான குரல், எதையும் ஒருமுறை கேட்டால் ஒப்பிக்கிற தலை.

பின்பக்கத்துப் பலாமரத்தடியில் பயிற்சி நடந்தது. சொல்லைவிடக் கைதான் முக்கியம் என்றார் சித்தப்பா. சுரண்டல் என்றால் விரல்களை மடக்கி நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். உரிமை என்றால் உள்ளங்கையை விரிக்க வேண்டும். கருங்காலி என்று வரும்போது மட்டும் ஆள்காட்டி விரலை நீட்டி, இடமிருந்து மெதுவாகக் கொண்டுபோய், வாசலுக்கு நேரே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி, மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். கைதட்டல் தானாக வரும்.

கருங்காலி என்றால் என்ன சித்தப்பா என்று கேட்டேன். ஸ்ட்ரைக் நேரத்தில் உள்ளே வேலைக்குப் போகிறவன் என்றார். விளக்கம் சுத்தமாக இருந்தது. அதில் இன்றுவரைக்கும் நான் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார்கள். கீழே அத்தனை முகங்கள். நான் ஆரம்பித்தேன். சுரண்டலுக்கு விரல்கள் மடங்கின, உரிமைக்கு விரிந்தன, என் குரல் வேப்பமரத்திலிருந்து திரும்பி வந்து என்னையே தொட்டது. அந்த நேரத்தில் ஷிஃப்ட்டுக்கு ஊதும் சங்கு ஊதியது. ஸ்ட்ரைக்கிலும் அதை மட்டும் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

"உழைப்பவனின் முதுகில் குத்தும் கருங்காலிகளே" என்று நான் விரலை நீட்டினேன். இடமிருந்து கொண்டுபோனேன். வாசலுக்கு நேரே நிறுத்தினேன்.

விரலின் நுனியில் பம்பு மாமா நின்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஹாண்டில் பாரில் டிபன் கேரியர் தொங்க, கூட்டம் ஒதுங்கித் தந்த வழியில் வாசலை நெருங்கியிருந்தார். மேசைமேல் என்னைப் பார்த்து அப்போதுதான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. விரல் தன்மேல் நிற்பதைப் பார்த்ததும் அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார், நான் யாரைக் காட்டுகிறேன் என்று. பின்னால் யாரும் இல்லை.

தூரத்தில், எதுவும் தெரியாத இடத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசிலடித்தான். பக்கத்தில் நின்றவர்கள் தட்டவில்லை. பம்பு மாமா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். நான் மூச்சைப் பிடித்தபடி நின்றேன், சித்தப்பா சொல்லிக்கொடுத்த மாதிரியே. பிறகு மிச்சப் பேச்சையும் பேசி முடித்தேன். நடுவில் நிறுத்த எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

விஷயம் இருட்டுவதற்குள் டவுன்ஷிப் முழுக்கப் பரவிவிட்டது. பம்பு ஆட்கள் சங்கம் சொல்லித்தான் உள்ளே போகிறார்கள் என்பது வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியும், ஆனால் மேடையில் சொன்னதில்லை. இப்போது பம்பு மாமா போகவில்லை என்றதும், நமக்கும் அந்தப் பேர்தானே என்று அடுத்தடுத்த ஷிஃப்ட்டுக்காரர்களும் தயங்கிவிட்டார்கள். முந்தைய ஷிஃப்ட்டில் போனவர்கள் மாற்று ஆள் இல்லாமல் உள்ளேயே நின்றார்கள். அவர்களும் களைத்துப்போய் வெளியே வந்துவிட்டால் தண்ணீர் எழும்பும். அது சங்கத்தையும் நிர்வாகத்தையும் பிரித்துப் பார்த்து எழும்பாது.

செயலாளர், அப்பா, சித்தப்பா மூவரும் பம்பு மாமா வீட்டு முற்றத்தில் போய் நின்றதை நான் குரோட்டன்ஸ் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஊரையே வேலைக்குப் போகாதே என்று தடுத்துக்கொண்டிருந்த மனிதர், ஒருவரை வேலைக்குப் போகச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பம்பு நின்னா சுரங்கம் முழுகிடும்ண்ணே. அப்புறம் நாம ஜெயிச்சு என்ன பண்றது, மீன் புடிக்கிறதா?"

பம்பு மாமா நாற்காலியில் உட்கார்ந்து கோழிக்கு அரிசி இறைத்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாத குரலில் பேசினார். "நானும் சந்தா கட்டுற ஆளுதானங்க. நீங்க போன்னு சொன்னீங்க, போய்க்கினு இருந்தேன். இப்ப ஊரு பூரா கேட்டுக்கினு இருக்கும்போது அந்தப் பேர வச்சிட்டீங்க. எம்புள்ள நாளைக்கு இஸ்கூலுக்குப் போவணும்."

குழந்தை தெரியாமல் சொன்னது என்றார் செயலாளர். பம்பு மாமா, குழந்தையை நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அது தானாகவா எழுதிக்கொண்டது? சித்தப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"அந்த மேச மேல நின்னுகினு சொல்லுங்க. இந்தாளு உள்ள போறது சங்கத்து வேல, கம்பெனி வேல இல்லன்னு. போறேன்."

செயலாளரால் அது முடியவில்லை. அதை மேடையில் சொன்னால் நாளைக்கே கேன்டீன்காரர் வருவார், ஆபீஸ்காரர் வருவார், நானும் அத்தியாவசியம்தான் என்று ஆளுக்கொரு காரணத்தோடு உள்ளே போய்விடுவார்கள். வாசலில் நிற்க மேசையும் மைக்கும்தான் மிஞ்சும் என்று அவர் பயந்தார். அந்தப் பயமும் பொய்யில்லை. எல்லோரையும் வெளியே கட்டிவைத்திருந்தது அந்த ஒரு சொல்தான். அதில் ஓட்டை போட்டால் முழுச்சொல்லும் ஒழுகிவிடும்.

அப்படியானால் அவருக்கென்று வேறு சொல் ஒன்று கண்டுபிடிக்கலாம் என்றார் சித்தப்பா. சொல் என்று வந்ததும் அவர் முகம் தெளிந்தது. விதிவிலக்குத் தோழர் என்றார். ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்றார் செயலாளர். நீர்க்காவலர் என்றார். வாட்ச்மேனா என்று கேட்டார் பம்பு மாமா. சித்தப்பா கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, தியாகச் செம்மல் என்றார்.

அத்தை அதுவரை வாசல்படியில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அத்தெல்லாம் கல்லறையில எழுதுறது தம்பி. எங்க வூட்டுக்காரு இன்னும் ரெண்டு வேள சோறு துன்னுக்கினுதான் இருக்காரு."

பம்பு மாமாவே சிரித்துவிட்டார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சித்தப்பா அதற்கப்புறமும் இரண்டு மூன்று சொற்களை எடுத்துப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று கூனல், ஒன்று யாரோ பணக்காரருக்குத் தைத்ததுபோல் தொளதொளவென்று இருந்தது. மகாபெரிய சொற்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருந்த அவர் பெட்டியில், கூட்டத்துக்காகக் கூட்டத்தை விட்டுத் தனியாக உள்ளே போகிற ஓர் ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு துண்டுகூட இல்லை.

அப்பா பேசுகிறவரே இல்லை. வாசல் திட்டில் அத்தை இறக்கிவைத்த டிபன் கேரியர் திறக்கப்படாமல் இருந்தது. அப்பா போய் அதை எடுத்தார்.

"வாங்க, நேரமாச்சு. நான் தூக்கிட்டு வாரேன்."

பம்பு மாமா செருப்பைத் தேடினார்.

சைக்கிள் இல்லாமல் இரண்டு பேரும் நடந்தே போனார்கள். நான் பின்னால் ஓடினேன். தெருவோரத்துக் கொன்றை மரங்களுக்கடியில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்: ஸ்ட்ரைக்கில் இருக்கிற ஓர் ஆள், வேலைக்குப் போகிற ஆளின் சோற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஒருவர் எழுந்து தரையில் கிடந்த மைக் ஒயரைக் காலில் தட்டாமல் ஒதுக்கிவிட்டார். வாசலில் சங்கம் போட்டிருந்த கோடு வரைக்கும் அப்பா தூக்கிக்கொண்டு போய், அங்கே நின்று, கேரியரைக் கைமாற்றிக் கொடுத்தார். அந்தக் கோட்டை அவர் தாண்டவில்லை.

மறுநாள் ஷிஃப்ட்டுக்கு முன்னால் பம்பு மாமா வீட்டு முற்றத்தில் வேறொருவர் வந்து நின்றார், கேரியரைக் கொடுங்கள் என்று. அதற்கு மறுநாள் இன்னொருவர். பிற பிளாக்குகளில் இருந்த பம்பு ஆட்களின் வீட்டு வாசலிலும் அப்படியே ஆள் நின்றதாம். யாரும் தீர்மானம் போடவில்லை, மைக்கில் அறிவிக்கவில்லை. தானாக ஒரு வழக்கமாகிவிட்டது. முறை வைத்துக்கொண்டார்கள், முறை தப்பினால் சண்டைகூடப் போட்டார்கள். ஒருநாள் செயலாளரே தூக்கினார். பம்பு மாமாவுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. "தூக்குறீங்க, சரி. கொழம்பு ஊத்தாம தூக்குங்க. நேத்து மோர்ல மீன் நீந்திக்கினு இருந்துது."

எனக்குத்தான் துக்கம். என்னை மறுபடி மேசைமேல் ஏற்றவில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பேசட்டும் என்று செயலாளர் சொன்னதற்கு, அதை எடுத்தால் பேச்சில் எலும்பே இருக்காது என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டார். என் கைதட்டலையெல்லாம் ஒரு டிபன் கேரியர் வாங்கிக்கொண்டது என்று நான் நினைத்தேன். அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒருநாள் பம்பு மாமா கேரியரை என்னிடம் தந்தார். அன்றைக்கு முறையிருந்தவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அலுமினியப் பிடி விரல்களில் வெட்டியது, அவ்வளவு கனம். தூரம் தெரியாமல் நடக்கலாம், அந்தப் பேச்சைச் சொல்லேன் என்றார் மாமா. நான் சொன்னேன். கை வேலையாயிருந்ததால் சுரண்டலுக்கும் உரிமைக்கும் வெறும் வாய்தான். அந்த இடம் வந்ததும் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"ஒரு படி தாண்டிட்டியே கண்ணு" என்றார்.

மறந்துவிட்டது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே மறந்துபோயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பிறகு ஒருநாள் ஸ்ட்ரைக் முடிந்தது. கேட்டதில் கொஞ்சம் கிடைத்தது, கொஞ்சம் கிடைக்கவில்லை என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். வாசலில் ஆனால் முழு வெற்றி. பட்டாசு, மாலை, புதுக் கொடி. எங்கள் பிளாக்கே போயிருந்தது. பெண்கள் ஒருபக்கம், அம்மாவும் அத்தையும் அதில். நானும் அப்பாவும் பம்பு மாமாவும் வேப்பமரத்துக்குப் பக்கத்தில். மேசைமேல் செயலாளர் ஏறினார். கையில் சித்தப்பா எழுதிய பேச்சு. சித்தப்பா கீழே நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு சொல்லையும் தானே உள்ளேயிருந்து தள்ளிவிடுவதுபோல. அவருக்கு அந்த ஊரில் வேலை கிடைக்கவேயில்லை. அடுத்த வருஷம் அதே டிரங்குப் பெட்டியோடு போய்விட்டார். பல ஊர்களில் பல மேடைகளுக்கு எழுதினார். அவர் சொற்களை இன்றைக்கும் எங்காவது ஒலிபெருக்கியில் கேட்கிறேன், வேறு வேறு கொடிகளுக்குக் கீழே, அதே இடத்தில் நீள்கிற விரலோடு. அது கிடக்கட்டும். அந்தச் சாயங்காலத்தில் அவர் முகத்தில் பட்டாசு வெளிச்சம் அடித்தது. அவரும் ஜெயித்திருந்தார்.

"தோழர்களே, இத்தனை நாளில் ஒருவர், ஒரே ஒருவர்கூட இந்த வாசலைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போகவில்லை!"

வேப்பமரம் அதிர்ந்தது. நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். பொய் சொல்கிறாரே அப்பா, மாமா போனாரே, தினமும் போனாரே, நான்கூடக் கேரியர் தூக்கினேனே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என்னைக் குனிந்து பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் எல்லாக் கைகளும் தட்டிக்கொண்டிருக்க, அத்தை மட்டும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று திரும்பினேன்.

பம்பு மாமா கைதட்டிக்கொண்டிருந்தார். சும்மா அல்ல, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, அத்தனை பேரிலும் சத்தமாக. கண்ணெல்லாம் பளபளவென்றிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் குனிந்து, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே என் காதில் சொன்னார்.

"தட்டு கண்ணு. நம்மளத்தான் சொல்றாங்க."

தட்டினேன். அவர் தட்டியதால் தட்டினேன். நம்மை எங்கே சொன்னார்கள், நம்மைத்தான் இல்லையென்று சொல்லிவிட்டார்களே, அதற்குப்போய் ஏன் இந்த மாமாவுக்கு இவ்வளவு சந்தோஷம் என்று யோசித்தபடியே, உள்ளங்கை சிவக்கும்வரை தட்டிக்கொண்டிருந்தேன்.